கூத்துக் கட்டையை ரூட்டரில் செதுக்க முடியுமா? ஆறு ஜோடி வேண்டும்

கதவுக்கடை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. திண்டிவனம் பக்கத்தில் சிஎன்சி ரூட்டர் (கம்ப்யூட்டர் ஓட்டுகிற, மரம் செதுக்கும் மெஷின்) கடை வைத்திருக்கிறேன். பலகை வைக்கிற பெட் எட்டுக்கு நாலு அடி, சுற்றுகிற ஸ்பிண்டில் 3.5 கிலோவாட், மூன்று ஆக்சிஸ், அதாவது பிட் என்கிற வெட்டுமுனை இடம்வலம், முன்பின், மேல்கீழ் மட்டும் நகரும். ஆறு வருடமாக நிலைக்கதவு, பூஜையறைக் கதவு, கட்டில் தலைப்பலகை என்று ஓடிக்கொண்டிருக்கிறது. போன வாரம் ஒரு கூத்து வாத்தியார் கடைக்கு வந்து, கையில் இருந்த உரச்சாக்கைப் பிரித்து மேஜைமேல் தோளில் கட்டுகிற ஒரு ஜோடி புஜக்கட்டையை வைத்தார். அவருடைய அப்பா காலத்துச் சாமான். ஒன்று முழுசாக இருக்கிறது. மற்றொன்று கயிறு கட்டும் துளையில் ஆரம்பித்து, மரத்தின் ரேகை போகிற வழியே இரண்டாகப் பிளந்துவிட்டது. கண்ணாடிச் சில்லு பாதி உதிர்ந்து போயிருக்கிறது. பெயிண்ட் நாலைந்து அடுக்கு, மேலே தங்க நிறம், சுரண்டினால் பச்சை, அதற்கும் அடியில் ஒரு பழைய சிவப்பு.

"கதவுல யானையும் மயிலும் போடுறியே தம்பி, இதைப் போட முடியாதா?" என்று கேட்டார். பங்குனி பிறப்பதற்குள் ஆறு ஜோடி வேண்டும்.

கூத்து பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: தெருக்கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர் தலையிலும் தோளிலும் மார்பிலும் அணிகிற மர ஆபரணங்களைத்தான் கட்டை என்கிறோம். கட்டைக்கூத்து என்ற பெயரே அதனால் வந்ததுதான்.

என் திட்டம் இது. நன்றாக இருக்கிற கட்டையைப் போட்டோ எடுத்து, கதவுக்கு ரிலீஃப் என்கிற புடைப்பு வேலை போடுகிற மாதிரி கம்ப்யூட்டரில் மாடல் செய்து, 18 மி.மீ. எம்டிஎஃப்பில் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஓட்டிவிடலாம். எம்டிஎஃப்புக்கு ரேகை கிடையாது, பிளக்காது, கடையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. சரியாக வருமா? மேடைச் சாமான், கவசம் மாதிரி வேலை செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். கதவு மாட்டின இடத்தில் நிற்கும். இது ஆடுகிற உடம்பில் போகிறது, அதனால்தான் கேட்கிறேன்.


ஃபோம்கவசம் எழுதியது:

அண்ணே, நான் சென்னையில் காஸ்பிளே செய்கிறவன், கதைப் பாத்திரங்களின் உடையையும் ஆயுதத்தையும் நாமே செய்து போட்டுக்கொள்வது. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் சென்னையின் முதல் காமிக் கான் (காமிக்ஸ் ரசிகர் விழா) நடந்தபோது நான் போட்டிருந்த மார்புக் கவசம், தோள், முழங்கால் எல்லாமே 10 மி.மீ. ஈவிஏ ஃபோம். ஜிம் தரையில் விரிப்பார்களே, அந்தப் பாய்தான். கையால் கத்தியில் வெட்டியபோது வலது தோளும் இடது தோளும் ஒரு நாளும் ஒரே மாதிரி வந்ததில்லை. அதனால் ஒரு விளம்பரப் பலகைக் கடையில் ரூட்டரில் கொடுத்து வெட்டினேன். V மாதிரி முனை உள்ள 90 டிகிரி வி-பிட் போட்டால் வெட்டின ஓரம் இரண்டும் 45 டிகிரி சாய்வில் வரும், ஃபெவிகால் எஸ்ஆர் இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு சேர்த்து அழுத்தினால் பெட்டி மூலை மாதிரி செங்கோணத்தில் நிற்கும். எத்தனை டிகிரி மடிய வேண்டுமோ அதில் பாதிச் சாய்வு ஒவ்வொரு ஓரத்திலும் இருந்தால் போதும்.

ஒன்று கவனியுங்கள், ஃபோம் பிட்டோடு சேர்ந்து மேலே எழும்பும். தூளை மேலே இழுக்கிற அப்-கட் பிட் போட்டால் ஷீட்டையே பிடுங்கிக்கொண்டு சுற்றும். அடியில் முழுக்க டபுள் சைடு டேப் ஒட்டி, புதுப் பிட் போட்டால்தான் ஓரம் பஞ்சு பஞ்சாகப் பிய்யாமல் இருக்கும். வெட்டின பிறகு ஹீட் கன்னை ஒரு சுற்று காட்டினால் மேல்தோல் இறுகிக்கொள்ளும், பெயிண்டும் நிற்கும். எடைக்கு இதை மிஞ்ச எதுவும் கிடையாது.


கோவை_பேட்டர்ன் எழுதியது:

தம்பி, எம்டிஎஃப் வேண்டாம். முதலில் எடையைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் போட்ட படத்தில் கட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் ஒரு கட்டை ஏறக்குறைய 350-க்கு 220 மி.மீ. இருக்கும். 18 மி.மீ. கனத்தில் அந்த முழுச் செவ்வகம் 1,386 கன சென்டிமீட்டர். எம்டிஎஃப் ஒரு கன சென்டிமீட்டருக்கு முக்கால் கிராம். ஆக, ஒரு கிலோவுக்கு மேல் வருகிறது. ஓரத்தையெல்லாம் வெட்டி எடுத்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு நிற்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 700 கிராம். இரண்டு தோளுக்கும் 1.4 கிலோ. அதைக் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடச் சொல்வீர்களா? வியர்வை பட்டால் எம்டிஎஃப் ஓரம் ஊறி உப்பும், அது வேறு.

எங்கள் தொழில் ஃபவுண்டரிக்கு மரப் பேட்டர்ன், அதாவது இரும்பு வார்ப்பதற்கான மர மாதிரி செய்வது, 22 வருடம் ஆகிறது. அந்தக் கண்ணால் பார்த்தால் எம்டிஎஃப் இங்கே அச்சாகத்தான் பயன்படும். அதன்மேல் 1.5 மி.மீ. ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கிப் போட்டு, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வேக்யூமில் இழுத்தால் 120 கிராமில் முடிந்துவிடும். பக்கச் சுவர் எல்லாவற்றுக்கும் 3 முதல் 5 டிகிரி டிராஃப்ட், அதாவது சாய்வு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஷீட் அச்சை விட்டுக் கழன்று வராது. பள்ளமான இடமெல்லாம் 1 மி.மீ. துளை போட வேண்டும், காற்று வெளியேறினால்தான் ஷீட் உள்ளே இறங்கிப் படியும். ஆறு ஜோடி இல்லை, அறுபது ஜோடிகூட ஒரே அச்சில் எடுக்கலாம்.


கதவுக்கடை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. எடைக் கணக்கைப் பார்த்ததும் தராசில் பழைய கட்டையை வைத்தேன். பெயிண்ட், கண்ணாடி எல்லாம் சேர்த்து 390 கிராம்தான். கனமோ நடுவில் 30 மி.மீ. வருகிறது. பின்பக்கம் திருப்பினால் உள்ளே குடைந்து எடுத்திருக்கிறார்கள், உளித்தடம் ஒவ்வொன்றும் அப்படியே தெரிகிறது.

வாத்தியாரிடம் ஃபோம், பிளாஸ்டிக் இரண்டையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மரம்தான் வேண்டும் என்றார். கட்டை கட்டும்போது கயிற்றை இழுத்து முடிவார்கள், ஃபோம் அந்த இடத்தில் மடங்கிப் போகும், பிளாஸ்டிக் துளையில் கிழியும் என்பது அவர் சொன்ன காரணம். இன்னொன்றும் சொன்னார். கட்டை உடம்பில் ஏறியதும் ஒரு கனம் தெரிய வேண்டும், அப்போதுதான் நடை மாறுமாம். ஆக மரம். என்ன மரம் என்று தெரியவில்லை, நகத்தால் அழுத்தினால் பதிகிறது, அவ்வளவு மிருது.


உளிச்சத்தம் எழுதியது:

கல்யாண முருங்கை. முள்முருங்கை என்றும் சொல்வார்கள், வேலியில் வெற்றிலைக்கொடி ஏற்ற நடுவார்களே அதே மரம். கூத்துக் கட்டைக்குக் காலகாலமாக அதுதான். கேரளத்தில் கதகளிக் கிரீடத்துக்குக் குமிழ் மரம் எடுக்கிறார்கள், அதுவும் இதே காரணத்துக்காக, எடை குறைவு, உளிக்கு இணங்கும், காய்ந்த பிறகு முறுக்காது.

ஆனால் ரூட்டருக்கு இந்த மரம் தொல்லை கொடுக்கும், சொல்லிவிடுகிறேன். தேக்கு மாதிரி சீவி வராது. நார் சாய்ந்து படுத்துக்கொண்டு, பிட் போன பிறகு எழுந்து நிற்கும், மேலே பூனைமுடி மாதிரி இருக்கும். உப்புத்தாள் போட்டால் இன்னும் எழும்பும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. ரஃபிங் என்கிற முரட்டு வெட்டை முடித்து, ஃபினிஷிங் என்கிற நுண் வெட்டையும் ஒரு தடவை ஓட்டிவிட்டு, பலகையைக் கழற்றாமல் பெட்டிலேயே வைத்து என்சி சாண்டிங் சீலர் (மரத்துக்கு அடிக்கிற அடிப்பூச்சு) ஒரு கை தாராளமாக அடியுங்கள். நன்றாகக் காயட்டும். நாரெல்லாம் விறைத்துக்கொள்ளும். பிறகு அதே ஃபினிஷிங் புரோகிராமை 0.2 மி.மீ. இறக்கி இன்னொரு தடவை ஓட்டுங்கள், முடி மழித்த மாதிரி சுத்தமாக வரும்.

மரம் பச்சையாகக் கிடைத்தால் உடனே வெட்டாதீர்கள். இந்த ஜாதி மரம் சீக்கிரம் நீலப் பூஞ்சணம் பூக்கும், பூச்சியும் விழும். பலகையாக அறுத்து, இடையில் சட்டம் வைத்து நிழலில் அடுக்கி, பூச்சி மருந்து அடித்து, குறைந்தது இரண்டு மூன்று மாதம் விட வேண்டும். பங்குனிக்கு வேண்டும் என்றால் இன்றே காய்ந்த பலகை தேடுங்கள்.

அப்புறம், பிளந்தது ஏன் என்று பார்த்தீர்களா? துளையிலிருந்து துளைக்கு ரேகை நேராகப் போகிறது. கயிறு இழுக்கிற இழுப்பு முழுக்க அந்த ஒரே ரேகையைத்தான் பிரிக்கப் பார்க்கும். புதுக் கட்டையில் இரண்டு துளையும் ஒரே ரேகையில் விழாமல் பலகையைத் திருப்பிப் போடுங்கள்.


சின்னமெஷின் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள் அண்ணா. என்னிடம் 3018 என்கிற சின்ன ரூட்டர் மெஷின் இருக்கிறது, காலேஜ் நாடகத்துக்குக் கிரீடமும் கேடயமும் செய்ய வேண்டும். அதில் முடியுமா?


கோவை_பேட்டர்ன் எழுதியது:

3018 என்றால் 300-க்கு 180 மி.மீ. வேலையிடம், அந்தப் பெயரே அதுதான். கேடயத்தை ஒரே துண்டாக எடுக்க முடியாது. ஓரத்தில் வரும் பூவேலை, நடுவில் வரும் முகம் இவற்றைத் தனித்தனியாக வெட்டி, பிளைவுட் வட்டத்தின் மேல் ஒட்டுங்கள். அந்தச் சின்ன மோட்டாருக்கு ஒரு தடவைக்கு 1 மி.மீ. ஆழத்துக்கு மேல் இறக்காதீர்கள். நீல நிற எக்ஸ்பிஎஸ் ஃபோம் போர்டு கிடைத்தால் அதில் செதுக்குங்கள், சின்ன மெஷினுக்கு அது சுகமாக இருக்கும், மேலே ஃபெவிகால் தடவித் துணி ஒட்டிப் பெயிண்ட் அடிக்கலாம். சாதாரணத் தெர்மோகோல் வேண்டாம், மணி மணியாகப் பிய்யும். மாஸ்க் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள் தம்பி.


கதவுக்கடை எழுதியது:

காய்ந்த பலகை கிடைத்துவிட்டது. மரக்கடைக்காரர் பழக்கமானவர், அவருடைய மச்சான் வீட்டில் ஒரு வருடமாகக் கிடந்ததை எடுத்துக் கொடுத்தார்.

போட்டோக்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடல் ஆக்குவதற்காகப் போனில் 80 போட்டோ எடுத்தேன். முதல் தடவை கண்ணாடிச் சில்லு இருந்த இடமெல்லாம் மாடலில் பெரிய பெரிய ஓட்டையாக வந்தது. ஃபோட்டோவுக்குப் பளபளப்பு ஆகாது என்று தெரிந்து, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் துணியில் கட்டித் தட்டித் தட்டி முழுக்க வெள்ளையாக்கி மறுபடி எடுத்தேன், அப்போது சரியாக வந்தது. பிளெண்டர் சாஃப்ட்வேரில் சுத்தம் செய்து, ஒரு பக்கத் தோளை மட்டும் வைத்துக்கொண்டு, அதையே இடவலம் திருப்பி மறுபக்கத் தோளை மிரர் செய்துவிட்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நேற்று இரவு முதல் கட்டை. ரஃபிங் நன்றாகப் போனது. 3 மி.மீ. பால் நோஸ் (நுனி உருண்டையான பிட்) மாட்டி ஃபினிஷிங் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வரும்போதே சத்தம் மாறியிருந்தது, வழக்கமாக வரும் கீச்சுச் சத்தம் இல்லை, உள்ளே ஏதோ முனகுகிற மாதிரி. பார்த்தால், இலைக்கொடி ஓடுகிற இடத்தில் ஒரு வாய்க்கால். முதலில் அரை மி.மீ., போகப் போக நாலு மி.மீ. ஆழம், கொடியை அறுத்துக்கொண்டு ஓரம் வரை போயிருக்கிறது. ஒரு வருடம் காய்ந்த பலகை வீணாகிவிட்டது, மனசே இல்லை. மேல்கீழ் நகர்கிற இசட் ஆக்சிஸில் ஸ்டெப் தவறியதோ என்று பார்த்தேன், ஜீரோ, அதாவது தொடக்க உயரம், சரியாகத்தான் இருக்கிறது. என்னவாக இருக்கும்?


கோவை_பேட்டர்ன் எழுதியது:

பிட், அதைப் பிடித்திருக்கும் கொலெட்டிலிருந்து நழுவி இறங்கியிருக்கிறது. ஜீரோ சரியாக இருந்து பள்ளம் போகப் போக ஆழமானால் அதுதான் காரணம். பிட்டின் முறுக்கு மரத்தைக் கவ்வித் தன்னைத்தானே கீழே இழுக்கும், கொலெட் பிடி தளர்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துவிடும். கொலெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள், பிளவுகளுக்குள் மரத்தூளும் பிசினும் சேர்ந்து கறுப்பாக இருக்கும். தின்னரில் ஊறப்போட்டு பிரஷ் போடுங்கள். பழசாகிவிட்டால் புதுசு வாங்குங்கள், ஒரு பலகை விலைகூட ஆகாது. பிட்டின் தண்டு கொலெட் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே போயிருக்க வேண்டும். பலர் ஆழம் எட்டவில்லை என்று நுனியில் மட்டும் பிடிக்க வைத்து ஓட்டுகிறார்கள்.

இன்னொன்று, ஆளில்லாமல் ஓட்டாதீர்கள். மரம் கெட்டால் வேறு மரம் வாங்கலாம். எங்கள் பட்டறையில் ஒரு தடவை புரோகிராம் நடுவில் நின்றுவிட்டது, ஸ்பிண்டில் மட்டும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பிட் தேய்த்த இடத்தில் கனல் பிடித்து, அந்தக் கனலை டஸ்ட் கலெக்டர் உறிஞ்சி, பைக்குள் இருந்த தூள் பூராவும் புகைய ஆரம்பித்துவிட்டது. நல்ல வேளை, பையன் பக்கத்திலேயே இருந்தான்.

ஃபீடு, அதாவது பிட் நகர்கிற வேகம், என்ன வைத்தீர்கள்? ஸ்டெப் ஓவர், வரிக்கு வரி இடைவெளி?


கதவுக்கடை எழுதியது:

கொலெட் நீங்கள் சொன்ன மாதிரியே இருந்தது சார், உள்ளே கறுப்பாக அடை. புதுசு மாட்டிவிட்டேன்.

ஸ்டெப் ஓவர் 0.3 மி.மீ., ஃபீடு நிமிடத்துக்கு 2,000 மி.மீ. ஒரு கட்டைக்கு ஃபினிஷிங் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பன்னிரண்டு கட்டை, ஒவ்வொன்றுக்கும் பின்பக்கம் வேறு குடைய வேண்டும். கடையில் மணிக்கு 400 ரூபாய் வாங்குகிறேன், அந்தக் கணக்கில் வாத்தியாரிடம் கேட்க வாய் வராது.


கோவை_பேட்டர்ன் எழுதியது:

0.5 வையுங்கள். பால் நோஸ் விட்டுப்போகும் வரப்பின் உயரம், ஸ்டெப் ஓவரை அதாலேயே பெருக்கி, பிட் ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வருவது. உங்கள் பிட்டுக்கு ஆரம் 1.5. 0.5 வைத்தால் 0.25-ஐ 12-ஆல் வகுக்க வேண்டும், 0.02 மி.மீ. சீலரும் பெயிண்டும் அதை விழுங்கிவிடும், கண்ணுக்கே தெரியாது. நேரம் ஒரே அடியில் 77 நிமிடத்துக்கு இறங்கும். மிருதுவான மரத்துக்கு 2,000 ஃபீடு குறைவு, 16,000 ஆர்பிஎம்மில் இரண்டு பல் உள்ள பிட்டுக்கு, பல்லுக்கு 0.12 மி.மீ. என்றால் 3,800 வரை போகலாம். மெதுவாகப் போனால் பிட் வெட்டுவதற்குப் பதிலாகத் தேய்க்கும், சூடு ஏறும், நார் எழும்பும்.


கூத்துவீட்டுப்பெண் எழுதியது:

ஒரு வாரமாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் அப்பா நாற்பது வருடம் கட்டை வேஷம் கட்டினவர். கூத்துக்காரர்கள் சேர்ந்து 1990-ல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினதெல்லாம் அவர் வாயால் கேட்டு வளர்ந்தேன். எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் இரண்டு பெட்டி இருக்கிறது.

அண்ணன் செய்வது நல்ல காரியம். செட்டுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, கட்டை கிடைக்காமல் அட்டையில் ஜிகினா ஒட்டிக் கட்டிக்கொண்டு ஆடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டு விஷயம் மனசில் உறுத்துகிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கட்டையைச் செதுக்கினவர் யார் என்று வாத்தியாரிடம் கேட்டீர்களா? கூத்தில் பெரும்பாலும் ஆடுகிறவர்களில் ஒருவரே உளி பிடித்தவராக இருப்பார், இல்லையென்றால் பக்கத்து ஊர் ஆசாரி. செட்டுக்குச் செட்டு கொடி போகிற விதம் மாறும், எங்கள் அப்பா தூரத்தில் இருந்தே, இது இன்னார் வேலை என்று சொல்லிவிடுவார். அந்தக் கை இன்னும் உயிரோடு இருந்தால் முதலில் அங்கே போங்கள்.

இரண்டாவது, அந்தக் கட்டை மாடலின் ஃபைல். கதவு டிசைன் ஃபைலெல்லாம் டெலிகிராமில் நூற்றுக்கணக்கில் சுற்றுவதைப் பார்க்கிறேன், யார் வரைந்தது என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கு ஒரு கல்யாண மண்டப அலங்காரக்காரர் இதே கட்டையை வாசலில் மாட்டி வைப்பார். ஒரு செட்டின் அடையாளம் அது. வெளியே விடாதீர்கள்.


ஃபோம்கவசம் எழுதியது:

அக்கா சொன்னதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் வெள்ளைக் கவசம் போட்ட வீரர்கள் வருவார்களே, அந்தக் கவசங்கள் கோவை சார் சொன்ன அதே வேக்யூம் முறையில் செய்தவைதான். அந்த ஹெல்மெட்டைச் செய்து கொடுத்த பிரிட்டிஷ்காரர் பல வருடம் கழித்து அதே அச்சு வகையில் செய்து விற்க, பட நிறுவனம் வழக்குப் போட்டது. 2011-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அந்த ஹெல்மெட் சிற்பம் ஆகாது, படத்துக்கான ஒரு பயன்பாட்டுப் பொருள்தான், அதனால் பிரிட்டனில் சிற்பத்துக்கு உரிய பதிப்புரிமை அதற்குக் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. கோடிக்கணக்கில் புழங்குகிற சாமானுக்கே நிலைமை அப்படி. சட்டத்தை நம்பி ஃபைலை வெளியே விட்டால் திரும்பி வராது அண்ணே.


கூத்துவீட்டுப்பெண் எழுதியது:

சட்டத்தை நான் சொல்லவில்லை தம்பி. செய்தவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவர் சரி என்றால் சரி.


கதவுக்கடை எழுதியது:

கேட்கவே இல்லை, உண்மை. மறுநாளே வாத்தியாருக்குப் போன் போட்டேன். செதுக்கினவர் இருக்கிறார், செஞ்சிப் பக்கம், எண்பதை நெருங்குகிறது. அவரும் ஆடினவர்தான். இரண்டாவதாக ஓட்டின கட்டையை, இந்தத் தடவை குறையில்லாமல் வந்ததை, எடுத்துக்கொண்டு நானும் வாத்தியாரும் வண்டியில் போனோம்.

பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கக் குடைவைக் கட்டைவிரலால் தடவினார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்குச் சந்தோஷம். அப்புறம் எழுந்து உள்ளே போய், ஜன்னலைச் சாத்தி, நடையில் தொங்கின ஒரே ஒரு குண்டு பல்பைப் போட்டு, என் கட்டையையும் அவருடைய பழைய கட்டையையும் சுவரோரம் சாய்த்து வைத்தார். என்னைக் கையைப் பிடித்து வாசல் வரை பின்னால் கூட்டிக்கொண்டு வந்தார், இருபதடி இருக்கும். "இப்பப் பாரு" என்றார்.

பழைய கட்டையில் கொடி ஒவ்வொரு வளைவும் எழுந்து நிற்கிறது. என்னுடையது வழவழவென்று ஒரு பலகை, அவ்வளவுதான். "பகல்ல கையில வெச்சுப் பாக்குறதுக்கு இது அழகு. ராத்திரி வெளக்குல இது வெறும் பலகைடா கண்ணு."

வெர்னியர் வைத்து அளந்தேன். அவருடைய பள்ளம் 7, 8 மி.மீ. ஆழம், ஒரு பக்கம் செங்குத்து மாதிரி, மறுபக்கம் சரிவு. நிழல் விழுவதற்காகவே அப்படி. நான் கதவுப் பழக்கத்தில் 3 மி.மீ. ஆழத்தில் எல்லாவற்றையும் உருட்டி விட்டிருக்கிறேன். பவுடர் அடித்து எடுத்த போட்டோவில் பள்ளத்தின் அடி சரியாகப் பதியவில்லை, மெஷ்ஷை, அதாவது மாடலின் மேற்பரப்பை, நான் வேறு இழைத்துவிட்டேன். கதவை ஒரு கை தூரத்தில் நின்று பார்ப்பார்கள், இதைக் களத்தின் கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கிற பாட்டி பார்க்க வேண்டும்.

கண்ணாடி விஷயமும் அப்படியே. நான் குழியைத் தட்டையாக வெட்டியிருந்தேன். பெரியவர் கட்டையில் ஒவ்வொரு சில்லும் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஜனம் தரையில் உட்கார்ந்திருக்கும், ஆடுகிறவர் நிற்பார், வெளிச்சம் அவர்கள் கண்ணுக்குப் போக வேண்டும் என்றால் சாய்வு வேண்டும். இத்தனை நாள் அதைக் கை பிசகு என்று நினைத்து மாடலில் நேராக்கியது நான்தான்.

ஒரு பக்கத்தை மிரர் செய்ததையும் கண்டுபிடித்துவிட்டார். இடது தோள் கொஞ்சம் சிறியதாக இருக்க வேண்டுமாம், அந்தப் பக்கம்தான் ஆடுகிறவர் அதிகம் திரும்புவார், தாடையில் இடிக்கும்.

ஃபைல் பற்றிக் கேட்டேன். "எங்க செட்டுக்கும் வாத்தியார் செட்டுக்கும் போடு. வேற யார் கேட்டாலும் என்கிட்ட அனுப்பு" என்றார். அதுதான் முடிவு. ஃபைல் என் கம்ப்யூட்டரை விட்டுப் போகாது.

இப்போது ஏற்பாடு இது. வெளி உருவம், பின்பக்கக் குடைவு, கொடியின் பள்ளம் வரை ரூட்டர். கொடியின் ஓரத்தைச் செங்குத்தாக எடுப்பதும் இலை நரம்பும் பெரியவர் உளியில். நாள் முழுக்கக் குனிந்து மரத்தைக் குடைய அவர் முதுகு இடம் கொடுக்காது, ஆனால் கடைசிக் கைவேலைக்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்கிறார். ஜோடிக்கு அவர் கேட்ட கூலியை வாத்தியார் ஒப்புக்கொண்டுவிட்டார். மெஷின் நேரத்துக்கு நான் கரண்ட், பிட் செலவு மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கோவை சார், சாய்ந்த குழியை மூன்று ஆக்சிஸில் எப்படி வெட்டுவது? சில்லு 25 மி.மீ. வட்டம், 6 டிகிரி சாய்வு வேண்டும்.


கோவை_பேட்டர்ன் எழுதியது:

பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பேட்டர்ன் வேலையில் உருக்கிய இரும்பு எப்படி ஓடும் என்று தெரிந்தவர் சொல்லாமல் டிராயிங்கை மட்டும் பார்த்துச் செய்தால் இதே கதிதான்.

6 டிகிரிக்கு 25 மி.மீ. நீளத்தில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 2.6 மி.மீ. வித்தியாசம். பால் நோஸ் போடாதீர்கள், அடி மூலையில் 1.5 மி.மீ. வளைவு விட்டுவிடும், கண்ணாடி உட்காராது. நுனி தட்டையான 3 மி.மீ. எண்ட் மில்லை மாடலின் சாய்வு மேலேயே 0.5 ஸ்டெப் ஓவரில் ஓட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கும் 0.05 மி.மீ. படி விழும். அது நல்லதுதான், பிசின் அந்தப் படிகளைப் பிடித்துக்கொள்ளும்.

கொடிப் பள்ளத்துக்கு 60 டிகிரி வி-பிட். 7 மி.மீ. ஆழம் இறங்கினால் மேல்வாய் 8 மி.மீ. அகலம் ஆகும், கொடிக்கும் கொடிக்கும் நடுவில் அந்த அளவு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.


உளிச்சத்தம் எழுதியது:

பின்பக்கம் குடைந்த பிறகு பழைய வேட்டித் துணி ஒரு அடுக்கு ஃபெவிகாலில் நனைத்து ஒட்டிவிடுங்கள், முக்கியமாகத் துளையைச் சுற்றி. ரேகை பிளந்தாலும் துணி விடாது. வியர்வைக்கும் அது ஒரு தடுப்பு. முன்னும் பின்னும் திருப்பிப் போட்டு வெட்டும்போது இரண்டு மரக்குச்சி முளை அடித்துத் திருப்புகிறீர்கள்தானே? கண் அளவில் வைத்தால் சுவர் ஒரு பக்கம் மெலிந்துவிடும்.


கதவுக்கடை எழுதியது:

முளை அடித்துத்தான் திருப்புகிறேன், சுவர் எல்லா இடத்திலும் 8 மி.மீ. வருகிறது.

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். ஆறு ஜோடியும் முடிந்தது. துணி, சீலர், பெயிண்ட், கண்ணாடி எல்லாம் சேர்த்து ஒரு கட்டை 410 கிராம், இடது தோள் 385. பன்னிரண்டில் ஒன்றுகூட அச்சு அசலாக இன்னொன்று மாதிரி இல்லை, பெரியவர் உளி போன இடம் ஒவ்வொன்றிலும் வேறு. அடிப்பெயிண்ட் சிவப்புதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார், தங்கத்துக்கு அடியில் சிவப்பு இருந்தால்தான் விளக்கில் சூடு தெரியுமாம். பழைய கட்டையில் கடைசி அடுக்காக இருந்த அந்தச் சிவப்பு அவர் போட்டதுதான்.

போன சனிக்கிழமை திரௌபதி அம்மன் கோவில் திடலில் முதல் ஆட்டம். நான் வேண்டுமென்றே கடைசியில் போய் உட்கார்ந்தேன். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு தோளை மட்டும் அசைக்கிறார், திரைக்கு மேலே கட்டை தெரிகிறது, அந்தச் சில்லுகள் வரிசையாக ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வருகின்றன. திரை விலகிச் சுற்றி ஆடும்போது கொடி அத்தனை தூரத்திலும் தெரிந்தது. விடியற்காலை நாலு மணிக்கு வேஷம் கலைத்தபோது துளையைத்தான் முதலில் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

கிரீடத்தை மூன்றாகப் பிரித்து வெட்டி ஒட்டலாமா என்று பெரியவரிடம் கேட்டேன். தலையில் ஏறுவது ஒரே மரமாக இருக்கட்டும் என்றார், அதை வாத்தியாரின் பையன் அவரிடம் உட்கார்ந்து கையாலேயே கற்றுக்கொள்ளப் போகிறான். எனக்கு அடுத்த வேலை மார்புப்பதக்கம். வாத்தியார் செட்டில் பழையது ஒன்றும் மிச்சமில்லை. உங்கள் பரணில் இருக்கிற பெட்டியில் ஒன்று இருந்தால் அளவு மட்டும் எடுத்துக்கொள்ள வரலாமா அக்கா? பெரியவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.


கூத்துவீட்டுப்பெண் எழுதியது:

இருக்கிறது, இரண்டு. ஒன்றில் ஓரம் எலி கடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அப்பாவும் வீட்டில் இருப்பார். பெரியவர் வருகிறார் என்று சொன்னதும் அப்பா, அவர் எந்த ஊர், எந்த செட்டு என்று கேட்டுவிட்டுப் பெட்டியை இன்றைக்கே இறக்கச் சொல்லிவிட்டார்.